ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடலாமா?

சீன தேசத்தில் சாங் ஆற்றின் கரையில் ஜிங்தேசென் என்னும் பட்டணம் இருக்கிறது. அவ்வூரைப் பற்றி 1712-இல் கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல், அங்கே மூவாயிரம் பீங்கான் சூளைகள் எரிவதாகவும், இரவில் ஊர் முழுவதும் தீப்பற்றிக்கொண்டதுபோல் தோன்றும் என்றும் வருணித்திருக்கிறார். ஒரு கோப்பை முற்றுப்பெறுமுன் எழுபது பேர் கையில் ஏறி இறங்குமாம். ஒருவன் விளிம்பில் வளையம் மட்டும் இடுவான். மற்றொருவன் பூவுக்குக் கோடு வரைவான். வர்ணம் தீட்டுவது மூன்றாமவன் வேலை. அப்பாண்டங்கள் ஓடம் ஏறி, போயாங் ஏரியைக் கடந்து, யாங்சி நதி வழியாக உலகெங்கும் சென்றன.

நமக்கும் ஆற்றங்கரையில் ஒரு பீங்கான் ஊர் உண்டு. அதுதான் மணிமுத்தாற்றங்கரை விருத்தாசலம். பழமலைநாதர் எழுந்தருளிய அந்த க்ஷேத்திரத்தைக் 'காசிக்கு வீசம் அதிகம்' என்று பெரியோர் போற்றுவர். கோயில் மிகப் பழமையானது. பீங்கான் தொழிலோ நாடு விடுதலை பெற்றபின் தழைத்தது. அரசாங்கத்தார் அங்கே தொழிற்பேட்டை அமைத்தனர். அக்கலையைக் கற்பிக்கக் கல்லூரியும் வைத்தனர். அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெண்களிமண்ணும் கிடைக்கிறது. கொலுப் பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூஸ் கட்டை ஆகியவை அவ்வூர்ச் சூளைகளில் வெந்து நம் வீடுகளுக்கு வந்தவையே.

காலம் மாறிற்று. மின்சாரத்தைத் தாமே துண்டிக்கும் புதிய சாதனங்கள் வந்தன. பியூஸ் கட்டைக்கு மவுசு குறைந்தது. அச்சில் வார்த்த மலிவான பொம்மைகள் கடைகளை நிறைத்தன. இனி இத்தொழில் எதற்கு என்று கேட்போரும் உளர்.

அவர்களுக்கு ஜிங்தேசென்னே விடை கூறும். கௌலிங் என்ற அதன் அண்டைக் குன்றின் பெயரால்தான் உலகம் வெண்களிமண்ணை 'கயோலின்' என்கிறது. அக்குன்றில் மண் வெட்டுவது நின்று நெடுநாளாயிற்று. 1990-களில் அரசாங்கத்தின் பெரிய பீங்கான் ஆலைகளும் மூடப்பட்டன. ஆயினும் பட்டணம் மடியவில்லை. கைவினைஞர் சிறு பட்டறைகள் வைத்தனர். வெளியூர் இளைஞர்கள் தொழில் பழக வந்து குடியேறினர். 2014-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் கைவினைக்குரிய படைப்பு நகரங்களுள் ஒன்றாக அதனைச் சேர்த்துக்கொண்டது. மண் தீர்ந்தது, ஆலை போயிற்று. கைத்திறன் மட்டும் நின்றது. ஊரைக் காத்தது அதுவே. ஒரு தலைமுறை கைவிட்டால், அத்திறனை அடுத்த தலைமுறை எந்தச் சந்தையில் வாங்கும்?

சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அவருக்கு இறைவன் துணை இருந்தது. நாமோ கையிலுள்ள கலையை ஆற்றிலே போட்டுவிட்டுப் பிற தேசத்துக் கடைகளில் தேடுகிறோம். வரும் நவராத்திரிக்குப் பொம்மையும் கார்த்திகைக்கு அகலும் வாங்கும்போது, 'இது எந்த ஊர்ச் சூளையில் வெந்தது?' என்று நம் இல்லத்தரசிகள் கடைக்காரரைக் கேட்கட்டும். நூறு வீடுகளில் அக்கேள்வி எழுமானால், விருத்தாசலத்தில் ஒரு சூளையாவது அணையாமல் எரியும்.