ஐந்து வயதுக்குள் ஒரு ரெயில் பயணம்

"ரெயில் வருது!"

இந்த ஒரு வார்த்தை போதும். அழுகிற குழந்தை அழுகையை நிறுத்திவிடும். சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தை, தண்டவாளத்தைப் பார்த்தபடியே நாலு வாய் வாங்கிக்கொள்ளும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ரெயிலைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் வேறு கிடையாது. யானை ஒன்றுதான் போட்டிக்கு வரும்.

இந்த வேடிக்கையை வாசலிலேயே வைத்திருக்கிற ஊர் விருத்தாசலம்.

கடலூர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊர் பழமலைநாதர் கோயிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அதோடு இது ஒரு பெரிய ரெயில் சந்திப்பு. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு திசைக்கும் இங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற வண்டிகள் இரவும் பகலும் இந்த வழியாக ஓடுகின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் ரெயிலும் இந்தப் பாதையில்தான் பறக்கிறது.

ஆனாலும், ரெயிலில் ஒரு தடவைகூட ஏறாத குழந்தைகள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை.

காரணம் தெரிந்ததுதான். பக்கத்து ஊருக்குப் போக பஸ் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ரெயில் என்றால் தூரத்துக் கல்யாணம், பெரிய ஆஸ்பத்திரி, சென்னையில் வேலை. அப்படிப் போகும்போது பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தை தாயின் மடியில் சுருண்டு கிடக்கும். அதன் முகத்துக்கு நேரே யாரோ ஒருவருடைய மூட்டை இருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட அதற்குத் தெரியாது. இதை ரெயில் பயணம் என்று குழந்தைக் கணக்கில் எழுத முடியாது.

ஊட்டிக்குத்தான் போக வேண்டுமா?

குழந்தைக்கு ரெயில் காட்ட வேண்டும் என்றால் பலருக்கு முதலில் நினைவு வருவது ஊட்டி மலை ரெயில்.

அதன் பெருமையில் குறைவு ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ம் ஆண்டிலும், ஊட்டி வரை 1908-ம் ஆண்டிலும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோ மீட்டர். வளைவுகள் 208. குகைகள் 16. பாலங்கள் 250. செங்குத்தான மலையில் சக்கரம் வழுக்காமல் இருக்க, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 2005-ம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எல்லாம் சரி. ஆனால் மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. டிக்கெட் கிடைப்பதும் லேசு அல்ல. மூன்று வயதுக் குழந்தை முதல் அரை மணி நேரம் குதிக்கும். பிறகு தூங்கும். விழித்ததும் அழும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அழுகிற குழந்தையோடு உட்கார்ந்திருப்பது யாருக்கும் சந்தோஷம் அல்ல. ஊட்டிக்கே போய்விட்டவர்கள், குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள சிறிய தூரத்தை மட்டும் ரெயிலில் போனால் போதும். முழு மலையையும் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி ஒரு ரெயில் அருங்காட்சியகம் 2002-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1955 அக்டோபர் 2-ந் தேதி நேரு தொடங்கி வைத்த தொழிற்சாலை அது. முதல் வந்தே பாரத் ரெயிலைச் செய்ததும் அங்கேதான். அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் குட்டி ரெயிலும் உண்டு. கிளம்பும் முன் அது ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

விருத்தாசலத்துக்காரர்களுக்குத் திருச்சி இன்னும் பக்கம். அங்கே 2014-ல் திறந்த ரெயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பட்டறையில் ஊட்டி மலைக்கான நீராவி எஞ்சின்களையே புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சங்கதி.

இவை எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை போகிற இடங்கள். கையில் நாலு காசு சேர வேண்டும். இரண்டு நாள் லீவு வேண்டும். அதுவரை குழந்தை காத்திருக்குமா? வயது காத்திருக்காது.

சட்டமே கொடுத்த சலுகை

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு ரெயிலில் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால், முன்பதிவு இல்லாத பெட்டியில் அரை டிக்கெட் போதும்.

கணவனும் மனைவியும் ஒரு சின்னக் குழந்தையும் பாசஞ்சர் வண்டியில் பக்கத்து ஊருக்குப் போக ஆகும் செலவு, இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற செலவுதான். கண்காட்சித் திடலில் பொம்மை ரெயில் நாலு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவதற்கு இதைவிட அதிகம் கேட்கிறார்கள்.

விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகிற பாதையை எடுத்துக்கொள்வோம்.

வண்டி கிளம்பினால் முதலில் வயல்வெளி. பிறகு நெய்வேலி. பழுப்பு நிலக்கரி தோண்டுகிற ஊர். நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளுக்குக் கை கொடுத்தது. அடுத்து வடலூர். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது சரியான தூரம். ஆசை தீர்வதற்குள் இறங்கிவிடலாம்.

வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபையைப் பார்க்கலாம். 1867-ம் ஆண்டில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் இன்றும் சோறு போடுகிறார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாலை வண்டியில் திரும்பலாம். ஓட்டல் செலவும் இல்லை.

கடல் பார்க்க வேண்டும் என்கிற குடும்பம் கடலூர் வரை போகலாம். மலை பார்க்க வேண்டும் என்றால் எதிர்த் திசையில் சேலம் வண்டியில் ஆத்தூர் பக்கம் போகலாம்.

வெளியூர் போகவே முடியாத ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அன்று பத்து ரூபாய்க்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் இரண்டு மணி நேரம் நிலையத்தில் இருக்கலாம். குழந்தைக்கு அதுவே திருவிழா.

அப்பா செய்த பீங்கான்

விருத்தாசலத்துப் பட்டறைகளில் வாரம் முழுவதும் களிமண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கரைத்த மண்ணைச் சுண்ணாம்பு போல வெளுத்த பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஓரத்தில் மண் தோல் போலப் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்ளே கூடு விட்ட பொம்மை தயார். பிறகு சூளை. பிறகு வர்ணம். கொலு பொம்மையும் அகல் விளக்கும் இப்படித்தான் உருவாகின்றன. வீட்டு மின்சாரத்துக்கான பியூஸ் கட்டைகளும் இந்த ஊரில் செய்யப்படுகின்றன.

நிலையத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே போகிற கம்பியைப் பிள்ளைக்குக் காட்டலாம். அதில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கம்பிக்கும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவே, தட்டுகளை அடுக்கிக் கவிழ்த்தது போல ஒன்று தெரியும். பல இடங்களில் அது பீங்கான். மின்சாரம் கம்பத்துக்குத் தாவாமல் தடுப்பது அதன் வேலை. பியூஸ் கட்டையில் பீங்கான் செய்கிற வேலையும் அதுதான்.

"அப்பா செய்யற மாதிரி சாமான்தான் கண்ணு, அந்த ரெயிலை ஓட வைக்குது" என்று ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொன்னால், அதில் பொய் கிடையாது. பட்டறையிலிருந்து மண் ஒட்டிய கையோடு வருகிற தகப்பனைப் பிள்ளை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்க்கும்.

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு ரெயில் என்றால் பயம் போய்விடுகிறது. பெரியவர்களே பாலத்தில் ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கிறார்கள். பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்கிறது. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டப்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும். இன்றைய மின்சார எஞ்சின் பழைய கரி எஞ்சின் போல இரைந்துகொண்டு வருவதில்லை. கிட்டே வந்த பிறகுதான் சத்தம் காதில் விழுகிறது.

அதனால் உல்லாசப் பயணம் தொடங்க வேண்டிய இடம் நடைபாலம். பாலத்தின் மேல் ஏறி நின்று கீழே போகிற வண்டியைக் காட்டினால், பிள்ளை அடுத்த முறை தானே பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. நிற்காமல் போகிற வண்டி வரும்போது குழந்தை கையில் அல்லது இடுப்பில் இருக்க வேண்டும். செல்போன் அப்போது பைக்குள் இருக்கட்டும். ஓடுகிற பெட்டியின் வாசற்படி குழந்தைக்கு உரிய இடம் அல்ல. சட்டைப் பையில் தகப்பனாரின் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டால், கூட்டத்தில் கை நழுவினாலும் பிள்ளை வந்து சேரும்.

ரெயில்வேக்கு ஒரு வேண்டுகோள்

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் 1948 முதல் ஒரு குழந்தைகள் ரெயில் ஓடுகிறது. பாதை 11 கிலோ மீட்டர். டிக்கெட் கொடுப்பதும், கொடி காட்டுவதும், சிக்னல் பார்ப்பதும் 10 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள். எஞ்சின் ஓட்டுவது மட்டும் பெரியவர்கள்.

விருத்தாசலத்துக்கு அவ்வளவு கேட்கவில்லை. இந்தப் பாதைகளில் முன்பு மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி. இன்று அது 1,676 மில்லி மீட்டர். தாத்தாக்களுக்கு அந்தச் சின்ன வண்டி நினைவிருக்கிறது. பேரன்கள் பார்த்ததில்லை. பழைய மீட்டர் கேஜ் பெட்டி ஒன்றைத் தென்னக ரெயில்வே நிலைய வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஏறி இறங்க அனுமதித்தால் போதும். நகராட்சி சுற்றிலும் நாலு மரம் நடட்டும். ஊரின் பீங்கான் கலைஞர்களிடம் ஒரு சுவருக்கு ரெயில் படம் போட்ட ஓடுகள் செய்யச் சொல்லட்டும். பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல.

அது வரும்போது வரட்டும். இந்த வாரமே கிளம்ப நினைக்கிறவர்கள், கடலூர் வண்டிக்கும் திரும்புகிற வண்டிக்கும் நேரத்தைச் சனிக்கிழமை மாலையே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பாசஞ்சர் வண்டிகள் நாளுக்குச் சிலதான். அவற்றிலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாமல் இருக்கலாம்.