ஊக்கம் யாருக்கு வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு கல்லூரி அரங்கில், ‘படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி?’ என்றொரு பயிலரங்கு நடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். பேச வந்தவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். அதிகாலையில் எழ வேண்டும், நாள்தோறும் ஆயிரம் சொற்கள் எழுத வேண்டும், எதிர்மறை எண்ணங்களை அண்டவிடக் கூடாது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நாமும் தட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை. முடிவில் ஒரு மாணவி எழுந்தாள். “எங்க ஊர்ல நடந்தத எழுதுனா ஊருக்குள்ள பிரச்சன வருமுங்களே, அப்ப என்னங்க பண்றது?” என்று கேட்டாள். “பாசிட்டிவாக யோசியுங்கள்” என்று பதில் வந்தது.

அன்றைய அரங்கில் எழுத்தைப் பற்றிப் பேசியவர் அந்த மாணவி ஒருத்திதான். மற்றவை அனைத்தும் விற்பனைப் பிரதிநிதிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள்; ‘இலக்கு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நாவல்’ என்று போட்டிருந்தார்கள், அவ்வளவே.

படைப்பூக்கம் என்பது எழுத்தாளனின் மண்டைக்குள் மட்டும் இருக்கும் சரக்கு என்று நினைப்பதே நம் முதல் பிழை. கொங்கு நாட்டின் சொந்த வரலாறே இதற்கு எதிர்ச்சான்று.

ஆர். ஷண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை 1942இல் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. கணவனை இழந்த ஒரு பெண் கொழுந்தனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், கதை இவ்வளவுதான். தமிழ் வட்டார நாவலின் முன்னோடி என்று இன்று பாடநூல்கள் சொல்லும் அந்த நாவல், கொங்குப் பேச்சை வெட்கப்படாமல் அச்சில் ஏற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ‘பூவும் பிஞ்சும்’, ‘பனித்துளி’ வந்தன. பிறகு நெடிய இடைவெளி. ‘அறுவடை’ 1960இல்தான் வந்தது.

இந்த இடைவெளியை நம் தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்னவென்று சொல்வார்? சோம்பல், இலக்கின்மை என்பார். ஆனால் பதிப்புத் தொழிலும் மொழிபெயர்ப்புமாக ஓடிய வாழ்க்கை அது. சரத் சந்திரர் முதலான வங்க நாவலாசிரியர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். ‘பதேர் பாஞ்சாலி’யையும் தமிழில் தந்தார். பிழைப்புக்காகச் செய்த வேலை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாவலாசிரியன் பிறருடைய நாவல்களை வாக்கியம் வாக்கியமாகத் தன் மொழியில் எழுதிப் பார்ப்பதைவிடப் பெரிய பயிற்சி எந்தப் பயிலரங்கில் கிடைக்கும்? தரிசு போட்ட நிலத்தைப் பார்த்து ‘உழைக்காத நிலம்’ என்று எந்தக் குடியானவனும் சொல்லமாட்டான். சொற்களை எண்ணுகிறவர்களுக்கே அது புரிவதில்லை.

‘அப்படியானால் ஒழுங்கு வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும்தான். விற்பனைப் பணியில் ஊர் ஊராக அலைந்துகொண்டே எழுதியவர் நாஞ்சில் நாடன். கோவையை வாழிடமாக்கிக்கொண்ட அவருக்கு 2010இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் ஒழுங்கை அவருக்கு யாரும் மேடையில் ஏறிக் கற்பிக்கவில்லை. சொல்ல வேண்டியது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. நேரத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சொல்ல ஏதும் இல்லாதவனை அதிகாலையில் எழுப்பிவிட்டால் தூக்கம் கெடும், வேறொன்றும் நடக்காது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அது கற்பனைப் பயம் அல்ல.

ஷண்முகசுந்தரத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர், ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைத் தொகுத்தவர், அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் பெருமாள்முருகன். ‘மாதொருபாகன்’ வந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் கழித்து எதிர்ப்புக் கிளம்பியது. நூலை எரித்தார்கள், திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் அவரிடம் வருத்தம் எழுதி வாங்கினார்கள். அதன்பின், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறியது. அவர் மீண்டு வந்து எழுத வேண்டும் என்றும் தீர்ப்பில் சொன்னது. அவர் எழுதினார். ஆனால் என்ன எழுதினார் என்று பாருங்கள்: ‘கோழையின் பாடல்கள்’, பிறகு வெள்ளாட்டை நாயகியாக்கிய ‘பூனாச்சி’. மனிதர்களை எழுத அச்சம், தெய்வங்களை எழுதப் பேரச்சம் என்ற பொருள்பட அந்நாவலின் முன்னுரையில் அவர் சொல்லியிருக்கிறார்.

இவருக்கு எந்த ஊக்கக் குறிப்பைக் கொடுப்பீர்கள்? அவரிடம் படைப்பாற்றல் குறைவாகவா இருந்தது?

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நீதிமன்றத்திற்குச் சென்றது. நம்மில் பலர் வீட்டிலிருந்தோம். ‘நாவலில் கலையமைதி குறைவு’ என்று தேநீர்க் கடையில் விமர்சனம் செய்தோம். கலையமைதியைப் பற்றிப் பேச வேறு காலமே கிடைக்காதது போல! 2023இல் தேவிபாரதிக்கு ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருதும், பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி பரிசும் அறிவிக்கப்பட்டபோது, ‘நம்ம மண்ணு’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். விருது வந்தபின் பெருமைப்பட எவராலும் முடியும்.

தமிழ் கற்பிக்கும் நம் பங்கும் இதில் சிறிதல்ல. மாணவன் கதையில் ‘பொடக்காலி’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துப் ‘புழக்கடை’ என்று திருத்துகிறோம். ‘ஒறம்பரை’யை ‘உறவினர்’ ஆக்குகிறோம். ‘நாகம்மா’ளை ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருக்கி, நாவலைத் திறக்காமலே தேர்ச்சி பெற வழிசெய்கிறோம். சாதியும் நிலமும் பெண்ணும் வரும் கதையைக் கல்லூரி மலரில் போட ‘எதற்கு வம்பு’ என்று தயங்குகிறோம். இத்தனையும் செய்துவிட்டு, மாணவர்களிடம் ஊக்கம் குறைந்துவிட்டது என்று பேச்சாளரை வரவழைக்கிறோம்.

நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வயலுக்கு வாழ்த்துச் சொல்லும் வேலை இது. எழுதுகிறவனுக்கு எப்படி ஊக்கம் தருவது என்பதை விட்டுவிட்டு, அவன் எழுத்தை எப்படித் தடுக்காமலிருப்பது என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘நாகம்மா’ளை முழுமையாக, வகுப்பில் வாய்விட்டு வாசிக்கலாம். சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் மூடி வைக்கலாம். நாளை ஊர் கூடி ஒரு எழுத்தாளனை அழைத்து வருத்தம் எழுதச் சொன்னால், அந்த அறையில் அவன் பக்கத்து நாற்காலியில் போய் உட்காரலாம்.

அந்த மாணவி கதையை எழுதினாளா என்று தெரியவில்லை. எழுதியிருந்தால் கொண்டுவரட்டும். ஒரு சொல்லையும் திருத்தாமல் படிப்போம்; பிரச்சினை வந்தால் நாமும் கூட வருவோம். அன்று அரங்கில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.