மரத்தடி மண்ணை மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாலையை அழகுபடுத்துகிறோம் என்று எங்கள் புறநகர்ப் பகுதியில் இருபுறமும் பேவர் பிளாக் பதித்து, கான்கிரீட் இருக்கைகளும் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் பேருந்து நிறுத்தத்து வேப்பமரத்தின் அருகில் போய்ப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அடிமரத்தின் வளைவுக்கு ஏற்பக் கற்களை அறுத்து, பட்டையோடு ஒட்டிப் பதித்திருக்கிறார்கள். எஞ்சிய இடுக்கிலும் சிமென்ட் கலவையை ஊற்றி அடைத்துவிட்டார்கள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அத்தனையும் சாலைக்குத்தான் ஓடுகிறது.

கல்லைக் குறை சொல்லவில்லை. பதித்த விதம்தான் தவறு. ஆலையில் வார்த்து வரும் இந்தக் கற்களை ஜல்லித் தளத்தின் மேல் மணல் பரப்பிப் பதித்து, இடுக்குகளையும் மணலால் நிரப்ப வேண்டும். அப்போது மழைநீரில் ஒரு பங்காவது மண்ணில் இறங்கும். குழாயோ கேபிளோ பழுதானால் கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதையே திரும்பப் பதிக்கலாம். இங்கோ அடியில் கான்கிரீட் போட்டு, கலவை வைத்து ஒட்டிவிட்டார்கள். அடுத்த முறை தோண்டும்போது கற்கள் உடைந்து குப்பைக்குப் போகும். நம் வரிப்பணமும் அதோடு போகும்.

நீரையும் காற்றையும் வாங்கும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அதனால்தான் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்த பிறகும் நாம் வேர்களை நெருக்கலாமா? கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலத்தில், தெருவில் விழும் மழையை மண்ணுக்குத் தராமல் தடுப்பது என்ன நியாயம்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் மண்ணைத் திறந்துவிட வேண்டும். வேர் அறுபடாமல் இருக்க, அந்தக் கற்களை இயந்திரம் வைக்காமல் கையால் பெயர்க்க வேண்டும். இனி வரும் டெண்டர்களில் இந்த இடைவெளியையும் மணல் படுகையையும் நிபந்தனையாக எழுத வேண்டும். பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திடாமல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னைப் புறநகர்.