கரி அள்ளிய காதலர்

பழமையின் பகைவர் நாம் என்கிறார்கள். பழையது எதைக் கண்டாலும் பரணிலே போடு, பாழுங்கிணற்றிலே தள்ளு என்போமாம்! தோழனே, மாற்றார் தீட்டும் இந்த ஓவியத்துக்கு மறுப்பாக, ஒரு குட்டி இரயிலின் கதையைக் கூறுகிறேன், கேள்.

வேல்ஸ் நாட்டிலே, கடலோர டவின் நகரிலிருந்து மலைநோக்கிச் செல்வது தாலிலின் இரயில்பாதை. தண்டவாளங்களுக்கிடையே இரண்டேகால் அடி அகலந்தான்! அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்துக் குன்றவே, மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் வேறு வருவாய் தேடி மலையிலே சிலேட்டுக்கல் வெட்ட முனைந்தனர். அக்கல்லைக் கொணர 1865இல் போட்டதே இப்பாதை. ஆதாயத்தைக் கணக்கிட்டது முதலாளியின் மூளை. கல்லை உடைத்ததும் கரியை அள்ளியதும் தொழிலாளியின் கரம்!

1946இல் கற்சுரங்கம் மூடப்பட்டது. 1948இல் பிரிட்டிஷ் இரயில்கள் நாட்டுடைமையாயின. இந்தக் குட்டி இரயிலோ பட்டியலிலே இடம்பெறவில்லை. உரிமையாளர் ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடுள்ளவரை ஓட்டுவதாகச் சொன்னார், நட்டத்தைத் தாங்கி ஓட்டினார், 1950இல் மறைந்தார். இனி என்ன? பழைய இரும்புக் கடைதானே!

அப்போது எழுந்தார், டாம் ரோல்ட் எனும் எழுத்தாளர். 1950 அக்டோபரில் பர்மிங்காமிலே கூட்டம் கூட்டினார். வந்தவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தனரா? இல்லை, சங்கம் கண்டனர்! ஓடும் நிலையிலிருந்தது 1866இல் பிறந்த 'டோல்கோக்' எஞ்சின் ஒன்றே. ஒன்று 25 பவுன் என்று இரண்டு பழைய எஞ்சின்களை வாங்கினர். புல் மண்டிய பாதையிலே மண்வெட்டியோடு இறங்கினர். 1951 மே 14இல் இரயில் மீண்டும் புறப்பட்டது! தொண்டர்கள் ஏற்று நடத்திய இரயில்பாதைகளுள் உலகிலேயே முதலாவது அது. 'தாமஸ்' எனும் எஞ்சினின் கதைகளைக் குழந்தைகட்குத் தந்த ஆட்ரி பாதிரியாரும் அங்கே கார்டாகப் பணியாற்றினார். இன்றும் ஓடுகிறது. கல் வெட்டிய நிலப்பரப்போடு சேர்ந்து, 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் ஏறிற்று.

பழமையிலே இருவகை உண்டு, தோழனே! மனிதன் தலைமீது ஏறி அமர்ந்து அவனைக் குனியவைத்த பழமை ஒன்று. மனிதன் கையால் ஆக்கப்பட்டு மனிதனைச் சுமந்த பழமை மற்றொன்று. முன்னதை இறக்கிவைப்போம், பின்னதைப் பேணுவோம். ஆனால், எஞ்சினைத் துலக்குகிறவன், கல்தூசியை மூச்சிலே இழுத்து நெஞ்சுலர்ந்த தொழிலாளியை மறந்தால், அது வரலாற்றுக் காதலன்று, பொம்மைக் காதல்!

நமக்கும் அங்கே பாடம் உண்டு. வாழ்க என்று முழங்குவது எளிது. வாழவைக்க மண்வெட்டி எடுப்பது அரிது. தாலிலினைக் காத்தது ஒலிபெருக்கியன்று, ஓய்வுநாளிலே வியர்த்த கரங்கள்! உன் ஊரிலே முன்னோடிகள் ஓலை வேய்ந்து அமைத்த படிப்பகம், இன்று ஒழுகிக்கொண்டிருக்கக்கூடும். அங்கே அவர்கள் படத்துக்கு மாலை சூட்டுமுன், தோழனே, கூரைமீது ஏறு!