தமிழாசிரியர் எங்கிருந்து வருவார்?

சென்ற மாதம் நமது கிளைக் கூட்டம் ஆபீசுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நடந்தது. சம்பளக் கணக்கு, ஒட்டுப்பால் நிறுவை, லயத்துத் தண்ணீர்க் குழாய் எல்லாம் பேசி முடிந்தபின் பால்மரம் வெட்டும் தோழர் ஒருவர் எழுந்தார். "பள்ளிக்கூடத்து வாத்தியார் மாற்றலாகிப் போய் நாலு மாசம் ஆச்சு. புது ஆள் இன்னும் வரலே. சங்கம் என்ன செய்யுதுங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

நாம் அவரிடம் ஒன்று கேட்டோம். "அண்ணே, உங்க மூத்த பையன் டவுன் இடைநிலைப்பள்ளியிலே படிக்கிறானே, அங்கே தமிழ் எடுக்கிறானா?"

"அங்கே தமிழ் வகுப்பே இல்லீங்களே!" என்றார்.

ஏன் இல்லை என்பது அங்கிருந்த சிலருக்குத் தெரியும். பதின்மூன்று பெற்றோர் கையொப்பம் போட்டார்கள். இன்னும் இரண்டு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. போடாதவர்களில் அந்தத் தோழரும் ஒருவர்.

அவரை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. அவர் கேட்ட கேள்வியும் அவர் போடாத கையொப்பமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பதைத் தோழர்கள் உணரவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

ஆசிரியர் பஞ்சம் நமக்குப் புதிதன்று. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிக்கூடம் வந்தது, ஆசிரியர் வந்தாரா? பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே பாடம் சொன்னார்கள். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் வாசித்தவரே பிறகு அரிச்சுவடியும் வாசிக்க வைத்தார். அந்தக் கிராணிகளின் வழியில் வந்த நாம் அவர்களைப் பழிக்கமாட்டோம். ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்யவேண்டிய வேலையை வேறொருவர் ஒழிந்த நேரத்தில் செய்தால் எத்தனை தூரம் போகும்?

1957 இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சனங்கள் பட்டணம் போனார்கள். பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. இன்று இருப்பவை ஏறக்குறைய 530. இவற்றில் பல, 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறிய பள்ளிகள். ஆசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் இப்போது அரசாங்கத்தின் பொறுப்பு. இது நாம் பெற்ற பெரிய மாற்றம். ஆனால் அரசாங்கம் யாரை அனுப்பும்? இருப்பவரைத் தானே அனுப்ப முடியும்?

தமிழாசிரியர் உண்டாகும் வழியைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே ஐந்தாண்டு தமிழ் படித்து, எஸ்.பி.எம். தேர்விலே தமிழும் எழுதித் தேறவேண்டும். அதன் பிறகு ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஏறக்குறைய ஐந்தாண்டு. இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கவேண்டுமானால் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். ஆக, ஒன்றாம் படிவத்தில் இன்று அமரும் பிள்ளை வகுப்பறையில் ஆசிரியராக நிற்கப் பத்தாண்டு ஆகும். பால்மரம் கூட கன்று நட்ட ஆறேழு ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடுகிறது!

இந்த வழியின் வாசலிலே ஒரு கணக்கு இருக்கிறது. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசியப் பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வழி செய்யவேண்டும் என்கிறது. பதின்மூன்று பேர் கேட்டால்? நம் ஊரில் நடந்ததுதான். அந்தப் பதின்மூன்று பிள்ளைகளும் தமிழை விட்டார்கள். பட்டணத்துப் பிள்ளை காசு கொடுத்து வெளியே படித்தாவது தேர்வு எழுதும். லயத்துப் பிள்ளைக்கு அது எட்டுமா? இனி இந்தப் பதின்மூன்று பேரில் ஒருவராவது தமிழாசிரியர் ஆவது கடினம். பத்தாண்டு கழித்து ஏதோ ஒரு தோட்டத்துப் பள்ளியில் இன்னொரு தகப்பன் எழுந்து, "வாத்தியார் வரலியே" என்று கேட்பான்.

இதிலே இன்னொரு நட்டமும் உண்டு. இந்நாட்டு மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. பெரிய இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளை கூட்டத்தில் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது. மூன்று நாள் வராமல் போனால், "ஏன் வரவில்லை? அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அந்தப் பிள்ளையின் மொழியிலேயே கேட்க ஓர் ஆசிரியர் இருந்தால் அது பள்ளியை விட்டு ஓடாது. நல்ல மலாய் ஆசிரியர்களும் சீன ஆசிரியர்களும் நம் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டிருக்கிறார்கள், நன்றி மறக்கமாட்டோம். இருந்தாலும் தன் வீட்டுக் கஷ்டம் தெரிந்த ஒருவரைப் பள்ளியில் காண்பது பிள்ளைக்குத் தனித் தைரியம். "நாமும் இப்படி ஆகலாம்" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

கையொப்பம் போடாத பெற்றோரை மூடர் என்று சொல்ல நாம் தயாரில்லை. அந்தத் தோழர் கூட்டம் முடிந்தபின் நம்மிடம் மனம் திறந்து பேசினார். தமிழ் வகுப்பைப் பள்ளி விட்ட பிறகு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டாராம். தோட்டத்துப் பஸ் அதற்குள் புறப்பட்டுவிடும். பத்து மைல் பிள்ளை எப்படி வரும்? "தமிழ்ப் பேப்பர் கஷ்டம், மார்க்குக் குறையும்" என்று யாரோ பயமுறுத்தியும் இருக்கிறார்கள். பஸ் விஷயம் உண்மையான தடை. அதைத் தீர்க்காமல் "தமிழா, விழித்தெழு!" என்று மேடையில் முழங்கிப் பயனில்லை.

வரும் ஆசிரியரையாவது நிறுத்தி வைக்கிறோமா? மாற்றலாகிப் போன அந்த ஆசிரியை வேறு மாநிலத்துப் பெண். தங்க நல்ல வீடு இல்லை. டவுனில் அறை எடுத்து, செம்மண் சாலையில் மழையிலும் வெயிலிலும் வந்தார். பிள்ளைகள் குறைவு என்பதால் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்தினார். விளையாட்டு, நூலகம், கணக்கு வழக்கு, அலுவலகத் தாள்கள் எல்லாம் அவர் தலையில். கணவர் ஒரு மாநிலம், இவர் ஒரு மாநிலம். மூன்றாம் ஆண்டு மாற்றல் கேட்டார், போனார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? தோட்டத்தில் காலியாய்க் கிடந்த ஸ்டாப் வீடு ஒன்றை அவருக்குக் கேட்டு வாங்க, ஆபீசில் உட்கார்ந்திருந்த நமக்கே தோன்றவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்பு ஆசிரியர் உத்தியோகத்தில் ஓய்வூதியம் என்ற ஒரு கவர்ச்சி இருந்தது. 2024 முதல் புதிதாக அரசுப் பணியில் சேருவோருக்கு அந்தப் பழைய முறை இல்லை, சேமநிதிதான். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளை வேறு வேலை தேடினால் வியப்பில்லை. வீடு, மரியாதை, நியாயமான வேலைப்பளு ஆகிய மற்ற வசதிகள் முன்னைவிட அதிகம் தேவைப்படும் காலம் இது.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நமக்கென்ன?" என்பார் சிலர். அரசாங்கத்தின் வேலைதான், அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் தொழிற்சங்கத்தில் நாம் படித்த பாடம் என்ன? அங்கத்தினர் இல்லாத சங்கத்தை எந்த முதலாளியும் மதிப்பதில்லை. பெயர் எழுதிக் கொடுத்து, எண்ணிக்கை காட்டி, உட்கார்ந்து பேசித்தான் சம்பளம் வாங்கினோம். தமிழ் வகுப்பும் அப்படியே.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. கல்வி அமைச்சு தமிழ் வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே வைக்கட்டும். சிறிய பள்ளிக்கு வரும் ஆசிரியருக்கு வீட்டு வசதியும், கணவன் மனைவி ஒரே ஊரில் வேலை பார்க்க வழியும் செய்யட்டும். தோட்ட நிர்வாகம் காலி வீடுகளை ஆசிரியருக்குத் திறந்துவிடட்டும். கிளைச் செயலாளர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, லயம் லயமாகப் போய்ப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கட்டும். எழுத்து வேலை கிராணிகளாகிய நமக்குக் கைவந்த வேலை. அதற்குக் கூலி வேண்டாம்.

தோழர்களே! நம் தோட்டத்தில் இன்னும் இரண்டு கையொப்பந்தான் பாக்கி. மனுத்தாள் ஆபீஸ் மேசையில் இருக்கிறது. பஸ் நேரத்தை மாற்றும்படி மேனேஜருக்குக் கடிதம் போய்விட்டது. அந்தத் தோழர் சனிக்கிழமை பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதினைந்தாவது பெயர் யாருடையது?