பொன்னாடையும் பொய்த் தொந்தியும்

டிக்கெட் புத்தகத்துடன் வீடு தேடி வரும் நண்பரிடமிருந்து தப்பிப் பிழைத்தவர் சென்னைப் பட்டணத்தில் எவரும் இல்லை. சென்ற மாதம் நமக்கும் அந்த யோகம் வாய்த்தது. "ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி, முழு நீள ஹாஸ்ய நாடகம், தலைக்கு ஐந்நூறு ரூபாய்தான். தர்மத்துக்குத் தர்மமும் ஆயிற்று, சிரிப்புக்குச் சிரிப்பும் ஆயிற்று" என்றார் நண்பர். தர்ம சிந்தை பாதியும் தாட்சண்ணியம் பாதியுமாக நான்கு டிக்கெட் வாங்கினோம்.

காரியம் நல்ல காரியம் என்பதில் சந்தேகமே இல்லை. சிறுநீரகம் அடியோடு செயலற்றுப் போனவருக்கு டயாலிஸிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலன்றி இதற்கு முடிவு கிடையாது. தினக்கூலி பெறும் குடும்பத்தில் இந்த வியாதி புகுந்தால், நோயாளியின் கூலியோடு துணைக்குப் போகிறவரின் கூலியும் போய்விடும்.

மயிலாப்பூரில் ஒரு ஸபா மண்டபம். மாலை ஆறரை மணிக்கு நாடகம் என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்தார்கள். ஆறரைக்கு ஆரம்பமானது இறை வணக்கம். பிறகு வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவரை அறிமுகம் செய்யும் உரை! பதினோரு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. அக்கிராசனர் தர்மத்தின் பெருமையை நாற்பது நிமிஷம் எடுத்துரைத்துவிட்டு, வேறோர் அவசர அலுவல் இருப்பதாகச் சொல்லி, பொன்னாடையும் கையுமாக வெளியேறினார்.

அந்தப் பொன்னாடைகளைப் பார்த்தபோது, காந்தி மகாத்மா 1933-34இல் நடத்திய ஹரிஜன யாத்திரை நம் நினைவுக்கு வந்தது. தமக்கு அளிக்கப்பட்ட உபசாரப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் அந்தந்தக் கூட்டத்திலேயே ஏலம் போட்டவர் அவர். கையெழுத்துக் கேட்டவரிடம் ஐந்து ரூபாய் வாங்கி நிதியில் சேர்த்தார். அந்த யாத்திரையில் சுமார் எட்டு லட்சம் ரூபாய் சேர்ந்தது. மயிலாப்பூர்ப் பொன்னாடைகளை ஏலம் விட யாருக்கும் தோன்றவில்லை.

ஒருவாறு ஏழே முக்காலுக்குத் திரை உயர்ந்தது. ஒரு காலி வீட்டுக்கு இரண்டு குடித்தனக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்ட வீட்டுக்காரர், இருவரும் ஒரே நாளில் சாமான்களுடன் வந்து இறங்கியதும் படும் பாடுதான் கதை. வீட்டுக்காரராக வந்தவர் பகலில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவராம். அவருடைய பொய்த் தொந்தி, பொய் சொல்லும்போதெல்லாம் ஓர் அங்குலம் இறங்கியது. ஒவ்வொரு முறையும் அதை அவர் நாசூக்காக ஏற்றி விட்டுக்கொண்ட அழகு இருக்கிறதே! நமக்கு வயிறு வலித்துவிட்டது. குழுவினர் யாரும் அன்று சம்பளம் பெறவில்லை. வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த காலம் முதல், உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆசைக்காக நடிக்கும் இந்த வர்க்கத்தார் நம்மிடையே இருந்து வருகிறார்கள். அவர் எழுதிய "சபாபதி"யின் மக்கு வேலைக்காரனுக்கு இந்த வீட்டுக்காரர் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம்.

இடைவேளையில்தான் நம் சிரிப்பு நின்றது. காரியதரிசி மேடைக்கு வந்து, உதவி பெறப் போகும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனையும் அவன் தாயாரையும் அழைத்தார். காசோலையைக் கொடுத்துப் புகைப்படம் பிடித்ததோடு விட்டிருக்கலாம். "தம்பி, நீ படுகிற கஷ்டத்தை எல்லோருக்கும் சொல்லு" என்று ஒலிபெருக்கியை அவன் வாயருகே நீட்டினார். பையன் தாயாரைப் பார்த்தான். தாயார் தரையைப் பார்த்தார். ஐந்நூறு ரூபாய் கொடுத்துச் சிரிக்க வந்த நாமெல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது பக்கத் திரைக்குள்ளிருந்து வீட்டுக்காரர் தொந்தியுடன் வந்தார். ஒலிபெருக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "காரியதரிசி சார், நாடகம் பார்க்க வந்தவனை நடிக்கச் சொல்லலாமா? அதற்கு நாங்கள் இருக்கிறோம். சுமாராகத்தான் நடிக்கிறோம்; அதற்காக எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்" என்றார். சபை ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்திலேயே தாயையும் பிள்ளையையும் கீழே அழைத்து வந்து, முதல் வரிசையில் காலியாக இருந்த அக்கிராசனர் நாற்காலியில் பையனையும் அடுத்ததில் தாயாரையும் உட்கார வைத்துவிட்டு, தொந்தியை ஏற்றி விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பின்பாதி நாடகத்தை நாம் சரியாகக் கவனிக்கவில்லை. மூன்று வரிசை பின்னாலிருந்து பையன் சிரிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை சிரித்தான். மற்ற நேரமெல்லாம் அந்தத் தொந்தி எப்போது இறங்கும் என்பதிலேயே கண்ணாயிருந்தான்.

வீடு திரும்பும்போது நம் இல்லத்தரசி கேட்டார்: "நாம் கொடுத்த இரண்டாயிரத்தில் அந்தப் பையனுக்கு எத்தனை போகும்?" மண்டப வாடகை, ஒலி, ஒளி, காட்சி ஜோடனை, வண்டிச் சத்தம், பதினோரு பொன்னாடை என்று விரல் விட்டு எண்ணினோம், விரல்கள் போதவில்லை. பொதுப் பணத்துக்குத் தம்படி விடாமல் கணக்கு வேண்டும் என்பதில் மகாத்மாவுக்கு இருந்த பிடிவாதம் பிரசித்தமானது. ஆகவே மறுநாளே காரியதரிசிக்கு டெலிபோன் செய்து வரவு செலவைக் கேட்டோம். "கணக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது, பதினைந்து நாளில் அனுப்புகிறேன்" என்றார் மரியாதையாக.

பதினைந்து நாள் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது.