வராத பணிக்கொடையும் வந்து குவிந்த ஆலோசனைகளும்



இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் ஆறு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியுள்ளார். ஊரும் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவர் துபையில் மின்சாதனப் பொருள்கள் விற்கும் நிறுவனமொன்றின் கிடங்கில் 11 ஆண்டுகள் பணியாற்றியவர். புதிதாக வந்த மேலாளர் பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து பேச, இவரும் பதில் பேசியிருக்கிறார். மறுவாரம் வேலை போயிற்று. விசாவை ரத்துச் செய்யும் படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பணிக்கொடையை ஊருக்கே அனுப்பிவைப்பதாகக் கூறி விமானம் ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. பணிக்கொடையும் வரவில்லை; கடைசி இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. வீட்டுச் செலவுக்காகச் சகோதரியின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றுவிட்டன.

முதலாளி அயலூர்க்காரர், நம் சமுதாயத்தவர், பள்ளிவாசல் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுத்தவர். கணவரின் தம்பி இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆகவே மாமனார், "அவர் உப்பைத் தின்றிருக்கிறோம். அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஸப்ரு செய்யுங்கள்" என்கிறார். துபை நண்பர் ஒருவரோ, 11 ஆண்டுகளுக்கும் ஓவர்டைம் பார்த்ததாக எழுதிச் சேர்த்து வழக்குப் போடச் சொல்கிறார். கணவர் இரண்டுக்கும் தலையசைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாராம். வழக்குக்குப் போனால் பொறுமையற்றவர்கள் ஆகிவிடுவோமா என்பதே சகோதரியின் கேள்வி.

இக்கடிதத்தில் மூன்று துயரங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வேலை போனது ஒன்று, பலர் முன் அவமானப்பட்டது ஒன்று, கூலி நின்றுபோனது ஒன்று. வேலையைப் பொறுத்தவரை மனத்தைத் தேற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நம் நாட்டில் தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்தும்படி தீர்ப்பாயம் ஆணையிட முடியும்; அமீரகத்துச் சட்டத்தில் கிடைப்பது பணம் மட்டுமே. அவமானத்தை மன்னிக்கலாம். மன்னித்தால் அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஸப்ருக்கு உரிய இடம் இவ்விரண்டுந்தான். மூன்றாவது, ஒருவர் மற்றவருக்குத் தரவேண்டிய கடன்.

கடன் விஷயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு புகாரி ஷரீபில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன் தரவேண்டியிருந்தது. பள்ளிவாசலிலேயே கஅப் அதைக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தன. வீட்டிலிருந்த நாயகம் (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைத் தள்ளிக்கொடுக்குமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவரும் உடனே இசைந்தார். உடனேயே மற்றவரை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள்.

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இந்நிகழ்ச்சியின் முன்பாதியை மட்டும் பேசுகிறோம். விட்டுக்கொடுக்கும்படி எளியவரிடம் சொல்ல நூறு பேர் வருவார்கள். எழுந்து கொடுத்துவிடுங்கள் என்று வலியவரிடம் சொல்ல ஒருவரும் வருவதில்லை. கேட்டதற்காகக் கஅபை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதும் அதே புகாரியில்தான் வருகிறது. அநீதி இழைக்கப்பட்டவர் தம் உரிமையைத் தேடுவதில் குற்றமில்லை என்றும், மன்னித்துச் சமாதானம் செய்வது சிறந்தது என்றும் சூரா அஷ்ஷூரா இரண்டையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. ஆனால் கேட்கப் பயந்து வாய்மூடி இருப்பதற்கு மன்னிப்பு என்று பெயரிட என் மனம் ஒப்பவில்லை.

மாமனார் அவர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கலாம். உப்பைத் தின்றது உண்மைதான்; 11 ஆண்டுகள் உழைத்தல்லவா தின்றார்? மேலும், அடகில் இருப்பவை மருமகளின் நகைகள். மனைவியின் உடைமை மனைவிக்கே உரியது என்பது மார்க்கச் சட்டம். தம் மனைவிக்குத் தரவேண்டியதை நிலுவையில் வைத்துக்கொண்டு முதலாளியின் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாக இருந்தால், அதற்கு முன் மனைவியின் சம்மதத்தைக் கேட்பதே நேர்மை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மார்க்க அறிஞர்களைக் கேட்கும் முன் பேனாவும் தாளும் எடுத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் (2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணைச் சட்டம், 2022 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது) கூறும் முறை இது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளம். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமே. நம்மவர்கள் கையில் வாங்கிய மொத்தத் தொகையை வைத்துக் கணக்கிட்டு ஏமாறுவது இங்கேதான். இவர் மாதம் வாங்கியது 2,800 திர்ஹம். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 1,500. நாளொன்றுக்கு 50 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 5,250, பின் ஆறு ஆண்டுகளுக்கு 9,000, ஆக 14,250 திர்ஹம். நின்றுபோன இரு மாதச் சம்பளம் 5,600. இவை மட்டுமே 19,850 திர்ஹம். எடுக்காத விடுப்பும் முன்னறிவிப்புக் காலமும் இருந்தால் அவற்றுக்கு உரியது தனி. பணி முடிந்து 14 நாள்களுக்குள் இவற்றைத் தந்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்.

காலக்கெடுவைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு, அன்றைய சட்டப்படி உரிமை கோர ஓராண்டுதான் இருந்தது. விமானமும் இல்லை, விவரமும் இல்லை என்று காத்திருந்தவர்களின் கெடு அப்படியே கடந்தது. 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, பணி முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் என்றாகியிருக்கிறது. இவருக்கு இன்னும் 16 மாதங்கள் உள்ளன. கோரும் தொகை 50,000 திர்ஹத்துக்கு மேற்படாவிட்டால் அந்நாட்டு மனிதவள அமைச்சகமே முடிவு சொல்லிவிட முடியும்.

விசா ரத்துப் படிவத்தில் எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டதாக ஒரு வாசகம் இருப்பது வழக்கம். அதில் கையொப்பமிட்டதால் வழக்கு கடினமாகும். ஆனால் அங்கே 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகச் செல்லும் முறை நடப்பில் இருப்பதால், எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதை வங்கிக் கணக்கே காட்டும். கணக்கு மூடப்படுவதற்கு முன் அந்த விவரத்தை வாங்கி வைப்பது முதல் வேலை. ஒப்பந்த நகல், அடையாள அட்டை நகல், "அனுப்பிவிடுகிறோம்" என்று கைபேசியில் வந்த செய்திகள் யாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

துபை நண்பரின் யோசனையை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். உண்மையாகவே ஓவர்டைம் பார்த்திருந்து அதற்குச் சான்றும் இருந்தால் கேட்கலாம். பேரம் பேசுவதற்காகச் சேர்க்கும் கற்பனைத் தொகையென்றால், வாதத் திறமையால் பிறர் உரிமையைப் பெற்றுக்கொள்பவர் பெறுவது நெருப்புத் துண்டு என்ற நபிமொழி இவருக்கும் பொருந்தும். தீர்ப்பு சாதகமாக வந்தாலும் ஹராம் ஹலாலாகிவிடாது.

தம்பியைப் பற்றிய அச்சம் நியாயமானது. புகார் செய்தவரையே அதற்காக நீக்கினால் மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு உண்டு. அவருடைய உறவினருக்கு அத்தகைய காப்பு இல்லை. எனவே எடுத்த எடுப்பில் புகாருக்குப் போகாமல், முதலாளிக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதலாம். மேலாளரின் செயல் முதலாளிக்குத் தெரியாமலே போயிருக்கவும் கூடும். கணக்கை மட்டும் எழுதி, ஒரு தேதியும் குறிப்பிட்டு, நிந்தனைச் சொல் ஒன்றும் இல்லாமல் தபாலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். இரு ஊர் ஜமாஅத் பெரியவர்களில் இருவரை அவரிடம் பேசச் சொல்லுங்கள். இரண்டு மாதங்கள் இதற்குப் போதும். பேச்சு நீண்டுகொண்டே போனால் கெடுதான் கரையும்.

பயனில்லையென்றால் துபை இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதீய சஹாயதா கேந்திராவை அணுகலாம். அங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தும் உரிமை கோரலாம். அப்பத்திரம் நோட்டரி தொடங்கி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் வரை சான்று பெற வேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும். பத்திரத்தைத் தம்பியின் பெயரில் மட்டும் எழுதிவிடாதீர்கள். அவரும் தம் ஒப்பந்த நகலையும் வங்கி விவரத்தையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

முதலாளி பாதி தருவதாக வந்தால் ஏற்பதா என்பதைக் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி இன்றே ஒரு தொகையை முடிவு செய்துகொள்வது நல்லது. கொடுப்பது எதுவானாலும் கையோடு கொடுக்க வேண்டும். மீண்டும் ஒரு வாக்குறுதிக்குக் கையொப்பம் இடவேண்டாம்.

அடகுச் சீட்டின் கெடு எப்போது முடிகிறது என்பதைச் சகோதரி எழுதவில்லை. நகை மூழ்கிவிடும் தேதிக்கு முன்னதாக இருக்குமாறு முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் தேதியைக் குறிப்பிடுங்கள்.